கிளப்பில் ஒரு நாள் மரக்கடைசல் வகுப்பு: வெறுங்கட்டையிலிருந்து பம்பரம் வரை முழுமையான வழிகாட்டி

நன்றாகக் கடையத் தெரிந்தவர்கள் முதன்முதலில் வகுப்பு எடுக்கும்போது செய்கிற பெரிய தவறு, ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லித்தரப் பார்ப்பது. ஐந்து வகை உளி, மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக் மூன்று வகை, கிண்ணம், தட்டு, மெருகு என்று போட்டுக் குழப்பினால் மாலையில் மாணவர் கையில் ஒரு பொருள் இருக்கும். அதில் பாதியை ஆசிரியர் கடைந்திருப்பார். மறுநாள் தனியாக லேத், அதாவது மரத்தைச் சுழற்றும் கடைசல் இயந்திரத்தின், முன் நின்றால் அவருக்கு ஒன்றும் ஓடாது.

முதல் நாளில் கற்றுத்தர வேண்டியது ஒன்றே ஒன்று. உளியின் தீட்டிய சாய்முகம், அதாவது பெவல், மரத்தில் படிந்த பிறகுதான் கூர்முனை வெட்டத் தொடங்க வேண்டும். இதை மாணவரின் கை உணர்ந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வரும். உணராவிட்டால் எத்தனை உளி வாங்கினாலும் மரத்தைச் சுரண்டிக்கொண்டேதான் இருப்பார். கீழே உள்ள திட்டம் முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான் போடப்பட்டிருக்கிறது. 6 மாணவர், 6 சிறிய லேத், ஒரு ஆசிரியர், 2 உதவியாளர், காலை 9 முதல் மாலை 4.30 வரை. லேத் 3 தான் இருக்கிறது என்றால் இருவருக்கு ஒன்று கொடுத்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அப்போது பொருளை முடிக்க இன்னொரு நாள் தேவைப்படும். ஒரு லேத்துக்கு மூவர் என்பது வகுப்பாகாது, வேடிக்கை பார்ப்பதாகத்தான் முடியும்.

ஏன் பம்பரம்?

பூரிக்கட்டை எளிது என்று பலர் அதிலிருந்து தொடங்குகிறார்கள். 300 மி.மீ. நீளத்துக்கு மேடு பள்ளம் இல்லாமல் ஒரே சீராகக் கடைவது புதிய கைக்கு வராது. கடைசியில் உப்புத்தாளை வைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் நேராக்குவார்கள். மத்து அழகான பொருள்தான், ஆனால் மெல்லிய நீண்ட காம்பு அதிர்ந்து ஆடும். கிண்ணத்துக்குச் சக் வேண்டும், குறுக்கு நார் மரம் வேண்டும், வேறு உளி வேண்டும். அது இன்னொரு நாள் பாடம்.

பம்பரத்தில் மரத்தின் நார் நீளவாக்கில் போகிறது. இரு முனைகளுக்கு நடுவே மாட்டியே முழுவதையும் கடைந்துவிடலாம், சக் தேவையில்லை. தலைப்பக்கம் ஒரு குவிந்த வளைவு, கீழே ஒரு கூம்பு, கயிறு பிடிக்கச் சில வரைகள் என்று அடிப்படை வெட்டுகள் அத்தனையும் அதில் அடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது சுற்றும்போதே தன் குறையைக் காட்டிவிடும். அச்சு விலகினால் தள்ளாடும். ஆசிரியர் மதிப்பெண் போட வேண்டியதில்லை.

மரம்

பயிற்சிக்கட்டை 50 × 50 × 250 மி.மீ., ஆளுக்கு 2, உபரி 4, மொத்தம் 16. பம்பரக்கட்டை 60 × 60 × 110 மி.மீ., ஆளுக்கு 1, உபரி 4, மொத்தம் 10. உபரியில் கஞ்சத்தனம் வேண்டாம். கட்டை உடைந்த மாணவருக்கு உடனே இன்னொன்று கொடுக்க முடிந்தால்தான் அவருடைய பயம் போகும்.

கடைசலுக்கென்றே பிறந்தது வெட்பாலை. வெளிர் நிறம், மென்மையான நெருக்கமான நார், சுத்தமான வெட்டு. கர்நாடகத்துச் சன்னபட்டணத்துப் பொம்மைகள் அந்த மரத்தில்தான் பெயர் வாங்கின. மஞ்சள் கடம்பு கிடைத்தாலும் மிக நன்று. பயிற்சிக்கட்டைக்கு மலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் போதும். பூவரசு, வேம்பு இரண்டும் நன்றாகக் கடையும். தேக்கு கடைய இனிமையானதுதான், ஆனால் அதிலுள்ள மணற்சத்து உளியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். புதியவர்களுக்கு மழுங்கிய உளிதான் முதல் எதிரி. பழைய வீட்டு உத்தரத்தில் அறுத்த தேக்கு என்றால் உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்தும் பாருங்கள், கண்ணாலும் பாருங்கள். புளியும் கருவேலும் முதல் நாளுக்கு வேண்டாம், கை வலித்துவிடும்.

சிலவற்றை வகுப்புப் பக்கமே கொண்டுவரக் கூடாது. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையே மறைந்துபோகும். சேராங்கொட்டை மரத்தின் பால் தோலைப் புண்ணாக்கும். நூக்கு போன்ற ஈட்டி வகை மரங்களின் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தரும். மாணவர்களில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

கட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். முடிச்சு, வெடிப்பு, உள்ளே சிக்கிய பட்டை இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். நார் கட்டையின் நீளத்தோடு ஒத்துப் போக வேண்டும். சாய்வாக ஓடி பக்கவாட்டில் வெளியேறினால், மெலிகிற இடத்தில் அந்தச் சாய்விலேயே பிளந்து தெறிக்கும். பயிற்சிக்கட்டை அரைகுறையாகக் காய்ந்திருந்தாலும் பரவாயில்லை, அதில் வெட்டு இன்னும் இலகுவாக வரும். பம்பரக்கட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் சுருங்கி ஆணி தளர்ந்துவிடும்.

இரு முனைகளிலும் மூலைவிட்டம் போட்டு மையம் குறிப்பதை வகுப்பில் ஒருமுறை காட்டினால் போதும், கட்டைகள் முன்பே குறித்துத் தயாராக இருக்கட்டும். பம்பரக்கட்டைக்கு இன்னொரு முன்வேலை உண்டு. ஆணி வரப்போகும் முனையில், மையத்தில், டிரில் பிரஸ்ஸில் 3.5 மி.மீ. துளை, 40 மி.மீ. ஆழத்துக்குப் போட்டுவிடுங்கள். லேத்தில் கட்டையின் மறுமுனையைத் தாங்கும் பகுதியான டெயில்ஸ்டாக்கின் கூம்பு முனை அந்தத் துளை வாயில் உட்காரும். பம்பரம் அந்தத் துளையையே மையமாகக் கொண்டு கடையப்படும். கடைந்து முடித்த பிறகு மையம் தேடித் துளை போட்டால் பத்தில் எட்டு பம்பரம் ஆடும். இந்தச் சிறு முன்வேலை அந்தத் தொல்லையை அடியோடு நீக்கிவிடுகிறது.

லேத், மின்சாரம், இடம்

லேத்தின் அச்சு மாணவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்தால் முதுகு வலிக்கும், உயர்ந்தால் தோள் இறுகி உளி முரண்டும். லேத்தை ஆளுக்கு ஆள் ஏற்றி இறக்க முடியாது. ஆகவே 50 மி.மீ., 100 மி.மீ. உயரத்தில் அகலமான பலகை மேடைகள் சில செய்து வையுங்கள். மேடை ஆடக் கூடாது, கால் வைக்க இடம் தாராளமாக இருக்க வேண்டும்.

லேத்துகளுக்கு இடையே குறைந்தது 1.5 மீட்டர். கட்டை கழன்றால் அது சுழலும் தளத்திலேயே பறக்கும். ஒருவருடைய கட்டை பறக்கும் கோட்டில் இன்னொருவர் நிற்காதபடி லேத்துகளைச் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். பார்வையாளர் நாற்காலியும் அந்தக் கோட்டில் வரக் கூடாது.

ஒவ்வொரு லேத்தும் 750 வாட் என்று வைத்தால் 6 லேத்துக்கு 4,500 வாட். கிரைண்டரும் தூசி உறிஞ்சியும் சேர்ந்தால் 6,000 வாட்டைத் தொடும். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 26 ஆம்பியர். ஒரே 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து நீட்டிப்பு ஒயர் இழுத்து இதைச் சமாளிக்க முடியாது. குறைந்தது 3 தனித்தனி இணைப்பு வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும், மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். வகுப்புக்கு முந்தின நாள் எல்லா லேத்தையும் ஒன்றாக ஓடவிட்டுப் பாருங்கள்.

மின்வெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண ஸ்விட்ச் கொண்ட லேத், கரண்ட் போனால் நிற்கும், வந்தால் தானாகவே ஓடும். நடுவில் மாணவர் கட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தால் விரல் போய்விடும். கரண்ட் போன அந்த நொடியே ஒவ்வொருவரும் தன் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று காலையிலேயே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். மின்சாரம் போனால் தானே விடுபடும் ஸ்விட்சை லேத்துகளுக்குப் பொருத்திவிட்டால் இன்னும் நிம்மதி.

மரத்தைச் சுழற்றும் பக்கமான ஹெட்ஸ்டாக்கில், பற்கள் நீட்டிய ஸ்பர் சென்டருக்குப் பதில், வளைய விளிம்பு கொண்ட சென்டரைப் போடுங்கள். பல்சென்டர் மரத்தை விடாமல் பிடிக்கும், உளி தவறினால் அந்த அடி முழுவதும் மாணவர் கையில் இறங்கும். வளைய சென்டரில் மரம் வழுக்கி நின்றுவிடும். லேத் ஓடும், கட்டை நிற்கும், மாணவர் சிரிப்பார். பயம் இல்லாமல் தவறு செய்ய இடம் கொடுப்பதுதான் இந்த வகுப்பின் உயிர். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

உளிகள்

ஒரு லேத்துக்கு மூன்று உளி: சதுரத்தை உருளையாக்க 20 மி.மீ. ரஃபிங் கௌஜ், வளைவுகளுக்கு 10 மி.மீ. ஸ்பின்டில் கௌஜ், காடி வெட்ட 3 மி.மீ. பார்ட்டிங் டூல். சாய்வான வாய் கொண்ட ஸ்க்யூவை மேசையில் வைக்கவே வேண்டாம். அது அருமையான உளி, ஆனால் அதற்குத் தனியாக அரைநாள் கொடுக்க வேண்டும். கண்ணில் பட்டால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள், அதன் நீள்முனை மரத்தில் சொருகும், அன்று முழுவதும் அவர் கை நடுங்கிக்கொண்டே இருக்கும்.

தீட்டும் கோணம் ஒரே வகை உளிகள் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும்: ரஃபிங் கௌஜ் 45°, ஸ்பின்டில் கௌஜ் 35 முதல் 40°. மாணவர் இடம் மாறினாலும் கை பழகிய கோணம் மாறாது. அதற்கு, உளியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொள்ளும் ஜிக் வைத்துத் தீட்டுங்கள். 200 மி.மீ. சக்கரம், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 சுற்று ஓடும் மெதுவான கிரைண்டர், 80 கிரிட் வெள்ளை அலுமினியம் ஆக்ஸைடு சக்கரம் போதும். ஹை ஸ்பீடு ஸ்டீல் உளி சாணையில் நீலமானால் கவலையில்லை. சூட்டோடு தண்ணீரில் மட்டும் முக்காதீர்கள், விளிம்பில் நுண்ணிய வெடிப்பு விழும். மொத்தம் 18 உளி, கூடவே ஒவ்வொரு வகையிலும் 2 உபரி. எல்லாவற்றையும் முந்தின இரவே தீட்டிவிடுங்கள். மதிய உணவு நேரத்தில் உதவியாளர் ஒருவர் மறுபடி தீட்டட்டும். மாணவர்களைத் தீட்டச் சொல்லாதீர்கள். கூர் என்றால் என்னவென்று முதலில் அவர்கள் கைக்குத் தெரியட்டும்.

ரஃபிங் கௌஜைக் கிண்ணத்தில் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். பிடிக்குள் போகும் அதன் வால் மெலிந்தது. குறுக்கு நாரில் உளி கடித்தால், அதாவது சட்டென்று மரத்தில் சிக்கிக்கொண்டால், அங்கேயே முறியும். வகுப்பில் கிண்ணம் இல்லைதான், ஆனால் வீட்டில் போய் அடுத்து அதைத்தான் முயல்வார்கள்.

உடை, முகக்கவசம், தூசி

பதிவு செய்யும்போதே எழுத்தில் அனுப்புங்கள்: முழங்கைக்கு மேல் மடித்த அல்லது குட்டைக் கை சட்டை, மூடிய காலணி. வேட்டி, துப்பட்டா, சேலை முந்தானை வேண்டாம். வளையல், மோதிரம், கைக்கடிகாரம், கையில் கட்டிய மந்திரக்கயிறு, எல்லாம் கழற்ற வேண்டும். தாலிச்செயினைக் கழற்றச் சொல்லிச் சங்கடப்படுத்தாதீர்கள். கழுத்து மூடிய பனியனுக்குள் போட்டு, மேலே ஏப்ரன் கட்டினால் போதும். நீண்ட கூந்தலைப் பின்னலோடு விடாமல் கொண்டையாக முடிந்து வலைக்குள் வைக்க வேண்டும். கையுறை அறவே கூடாது. சுழலும் மரத்தில் துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

கண்ணாடி மட்டும் போதாது, முழு முகத்தையும் மூடும் பாலிகார்பனேட் கவசம் வேண்டும், ஆளுக்கொன்று. உப்புத்தாள் வேலைக்கு என்95 தரத்தில் மூக்கு மூடி. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் மரத்தூளை வைத்திருக்கிறது. ஆசிரியர் மூக்கு மூடாமல் நின்றால் மாணவர் யாரும் மூடமாட்டார்கள்.

காலை: கரண்ட் இல்லாமல் முதல் வெட்டு

முதல் 40 நிமிடம் பிளக்குகள் எல்லாம் பிடுங்கியே இருக்கட்டும். லேத்தின் பாகங்களைச் சொல்லும்போது பெயரோடு நிறுத்தாதீர்கள், ஒவ்வொன்றையும் மாணவர் கையால் இறுக்கித் தளர்த்தட்டும். உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட் மரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி, உயரம் அச்சு மட்டத்தை ஒட்டி. ரெஸ்டை நகர்த்துவது லேத் நின்ற பிறகுதான்.

ஸ்விட்ச் போடுமுன் உரக்கச் சொல்ல வேண்டிய ஐந்து: டெயில்ஸ்டாக் இறுகியதா, ரெஸ்ட் இறுகியதா, கையால் சுற்றிப் பார்த்தால் தட்டவில்லையா, வேகம் குறைவாக இருக்கிறதா, முகக்கவசம் இறங்கியதா. பின்பு ஒரு அடி ஒதுங்கி நின்று ஸ்விட்ச். நாள் முழுவதும் இதை ஒவ்வொருவரும் வாய்விட்டே சொல்லட்டும். மதியத்துக்குள் அது பழகிவிடும்.

இப்போது முக்கியமான பயிற்சி. ஏற்கெனவே உருட்டிய, அதாவது உருளையாகக் கடைந்த, ஒரு கட்டையை மாட்டுங்கள். பிளக் இன்னும் வெளியேதான். உதவியாளர் கைச்சக்கரத்தைப் பிடித்து மரத்தை மெதுவாகச் சுற்றட்டும், மாணவர் ஸ்பின்டில் கௌஜைப் பிடிக்கட்டும். மூன்று சொல்: ஊன்று, உரசு, உயர்த்து. முதலில் உளியை ரெஸ்டில் ஊன்று, மரத்தை இன்னும் தொடவில்லை. பிடியைத் தாழ்த்தி, சாய்முகத்தின் பின்பகுதி மட்டும் மரத்தில் உரசட்டும், சீவல் எதுவும் வராது. பிறகு பிடியை மயிரிழை மயிரிழையாக உயர்த்து. ஒரு கட்டத்தில் கூர்முனை மரத்தைச் சந்தித்து மெல்லிய சுருள் எழும். அந்தச் சுருளைக் கண்ட மாணவரின் முகத்தைப் பார்த்தாலே தெரியும், அவருக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் இதை ஐந்து நிமிடமாவது கொடுங்கள். அவசரப்பட்டு இதை விட்டுவிடும் வகுப்புகளில்தான் பிற்பகல் முழுவதும் உளி கடிக்கிறது.

செய்துகாட்டும்போது ஒரே தடவையில் 10 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். மாணவர்கள் எதிரே நின்றால் எல்லாம் இடம்வலம் மாறித் தெரியும். ஆசிரியரின் பின்தோள் பக்கம் நிற்க வையுங்கள், பறக்கும் கோட்டை விட்டு விலகி.

உருட்டுதல்

சதுரக் கட்டையை மாட்டி, நிமிடத்துக்கு 800 சுற்றில் தொடங்குங்கள். ரஃபிங் கௌஜ் டெயில்ஸ்டாக் முனையிலிருந்து 40 மி.மீ. உள்ளே தொடங்கி வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டே போகட்டும். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் உள்ளிருந்து. நடுவில் தொடங்கி நீளமாக இழுத்தால் மூலைகள் ஈட்டிபோல் பிளந்து பறக்கும். உருண்டையானதும் 1,500 வரை ஏற்றலாம். முதல் நாளில் அதற்கு மேல் வேண்டாம்.

கால்கள் தோள் அகலத்தில், உளியின் பிடி இடுப்போடு ஒட்டி, உடல் சாய்ந்து நகர வேண்டும். கை மட்டும் நகர்ந்தால் மேடும் பள்ளமுமாக வரும். விரல் கணு வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கிப் பிடிப்பவரை நிறுத்தி, ஒருமுறை கையை உதறச் சொல்லுங்கள். இறுகிய கைக்குச் சாய்முகம் உரசுவது தெரியாது.

காதையும் பழக்குங்கள். சரியான வெட்டில் ‘ஸ்ஸ்’ என்று சீரான ஒலி. ‘டக் டக்’ என்றால் கட்டை இன்னும் சதுரம். கீச்சென்றால் அழுத்தம் அதிகம், அல்லது உளி மழுங்கிவிட்டது. தூளாகக் கொட்டினால் சுரண்டுகிறார்கள், சுருளாக வந்தால் வெட்டுகிறார்கள்.

மணியும் பள்ளமும்

உருட்டிய கட்டை சுழலும்போதே பென்சிலால் 25 மி.மீ. இடைவெளியில் கோடு போடச் சொல்லுங்கள். கோடுகளில் பார்ட்டிங் டூலால் 6 மி.மீ. ஆழக் காடி. காடிகளுக்கு நடுவே ஒன்று விட்டு ஒன்றாக மணியும் (குவிந்த வளைவு) பள்ளமும் (குழிந்த வளைவு).

மரத்தின் நாரை ஒரு ஈர்க்குக் கட்டாக நினைக்கச் சொல்லுங்கள். பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கு வெட்டினால் ஒவ்வொரு ஈர்க்கையும் கீழேயிருக்கும் ஈர்க்கு தாங்குகிறது. மாற்றி ஏறினால் தாங்க ஆளில்லாமல் பிய்ந்துவரும். ஆகவே எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு.

மணிக்கு, நடு உச்சியில் உளியின் குடைவு, அதாவது அதன் உட்குழிந்த பக்கம், மேல்நோக்கி இருக்கும். வலப்பக்கம் இறங்கும்போது பிடியை உயர்த்திக்கொண்டே உளியை வலப்பக்கம் உருட்ட வேண்டும். அடியைத் தொடும்போது குடைவு முழுக்க வலப்பக்கம் பார்க்கும். உருட்டல், உயர்த்தல், பக்கவாட்டு வீச்சு, மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியிருப்பதால் இங்கேதான் எல்லாரும் திணறுவார்கள். லேத்தை நிறுத்தி, வெறுமனே அசைவை மட்டும் பத்து முறை செய்யச் சொல்லுங்கள்.

பள்ளத்துக்கு எதிர்மாறு. ஓரத்தில் நுழையும்போது குடைவு பள்ளத்தின் நடுவைப் பார்த்துப் பக்கவாட்டில் இருக்க வேண்டும், முனை மட்டும் நுழையட்டும். அடிக்கு இறங்க இறங்க மேல்நோக்கித் திரும்பும். அடியில் நின்றுவிட வேண்டும். ஆசைப்பட்டு எதிர்ப்பக்கம் ஏறினால் அந்த நொடியே கடிக்கும். நுழையும்போதே குடைவு மேல்நோக்கி இருந்தால் உளி பக்கவாட்டில் வழுக்கி, பக்கத்து மணியின் மேல் நீளமான கீறல் போடும்.

முதல் வரிசை அசிங்கமாகத்தான் வரும். கட்டையை மாற்றாதீர்கள். ரஃபிங் கௌஜால் எல்லாவற்றையும் அழித்து உருட்டிவிட்டு, மெலிந்த அதே கட்டையில் மறுபடி. இரண்டாம் வரிசையைப் பார்த்து அவரவரே வியப்பார்கள். அதற்குத்தான் பயிற்சிக்கட்டையை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகும் பொருளாக நினைக்கவிடக் கூடாது.

உளி கடித்தால் உடனே லேத்தை நிறுத்தி, மரத்தில் விழுந்த தடத்தை மாணவரோடு சேர்ந்து பாருங்கள். உளியை அதே இடத்தில் வைத்து எந்த ஓரம் தொட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் ரெஸ்டின் தாங்கல் இல்லாத ஓரம் பட்டிருக்கும், அல்லது ரெஸ்டில் ஊன்றுமுன் மரத்தைத் தொட்டிருப்பார். காரணத்தை அவரே கண்டுபிடிப்பது உங்கள் பத்து விளக்கத்துக்கு மேல்.

மாணவர் கையிலிருந்து உளியை வாங்கித் திருத்தாதீர்கள். அனுமதி கேட்டுவிட்டு, பிடியின் கடைக்கோடியை இரண்டு விரலால் மட்டும் வழிநடத்துங்கள். வெட்டு மாணவருடையதாகவே இருக்கட்டும்.

பிற்பகல்: பம்பரம்

முடிந்த அளவு: உயரம் 70 மி.மீ., அகன்ற இடம் 50 மி.மீ., ஆணிமுனை 15 மி.மீ. கட்டையில் ஹெட்ஸ்டாக் பக்கம் 35 மி.மீ., ஆணிப்பக்கம் 5 மி.மீ. கழிவு. அட்டையில் வெட்டிய மாதிரி ஒன்று ஒவ்வொரு லேத்திலும் தொங்கட்டும்.

1. துளையுள்ள முனை டெயில்ஸ்டாக் பக்கம் வரும்படி மாட்டி, 800 சுற்றில் உருட்டுங்கள். 52 மி.மீ. வந்ததும் நிறுத்திக் காலிப்பரில் அளக்கவும்.

2. மூன்று பென்சில் கோடு: ஆணிமுனை, அகன்ற இடம், தலை உச்சி. அகன்ற இடம் தலை உச்சியிலிருந்து 25 மி.மீ. கீழே. அந்தக் கோட்டின் மேல் கடைசிவரை உளி படக் கூடாது.

3. தலை உச்சிக் கோட்டுக்கு வெளியே பார்ட்டிங் டூலால் 25 மி.மீ. விட்டம் வரை காடி. இப்போதைக்கு அதற்கு மேல் மெலியக் கூடாது, கூம்பு கடைய வலு வேண்டும்.

4. அகன்ற இடத்திலிருந்து ஆணிமுனைக்குக் கூம்பு, ஸ்பின்டில் கௌஜால், சிறு சிறு வெட்டாக. நேர்க்கூம்பாக இல்லாமல் நடுவில் லேசாக உப்பியிருந்தால் கயிறு நன்றாக உட்காரும். முனையை 15 மி.மீ.க்குக் கீழே மெலிக்க விடாதீர்கள். டெயில்ஸ்டாக்கின் கூம்பு ஆப்புபோல வேலை செய்து அதைப் பிளந்துவிடும். மெலிந்துவரும்போது டெயில்ஸ்டாக் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்துங்கள்.

5. தலை வளைவு. காலையில் செய்த மணியின் பாதிதான் இது. மாணவருக்கு அதை நினைவூட்டினால் போதும்.

6. கூம்பின் கீழ்ப்பாதியில் பார்ட்டிங் டூலின் மூலையால் 1 மி.மீ. ஆழத்தில் 4 அல்லது 5 வரை.

7. ரெஸ்டை முழுவதுமாக எடுத்துவிட்டு உப்புத்தாள்: 120, 180, 240, 320. தாளை மரத்தின் அடிப்பக்கத்தில் பிடியுங்கள், விரலில் சுற்றாதீர்கள். ஒரே இடத்தில் வைத்திருக்காமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். 120-இல் போகாத தடம் 320-இல் போகாது.

8. மெருகு. அம்பாசமுத்திரத்திலும் சன்னபட்டணத்திலும் மரபாகச் செய்வதுபோல வண்ண அரக்குக் குச்சி கிடைத்தால் அதற்கு இணையில்லை. சுழலும் மரத்தில் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் உருகிப் பிடிக்கும். காய்ந்த தாழை மடலால் அழுத்தித் தேய்த்தால் பளபளக்கும். திட்டுத்திட்டாக நின்றால் வேகம் போதவில்லை, சூடு எழவில்லை என்று பொருள். அரக்கு இல்லையென்றால் தேன்மெழுகு, காகிதத் துண்டால் தேய்க்கவும். துணி கூடாது. ஆளி விதை எண்ணெய் பயன்படுத்தினால் நனைந்த காகிதத்தைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

9. தலைப்பக்கக் காடியை 12 மி.மீ. வரை ஆழப்படுத்தி லேத்தை நிறுத்துங்கள். மீதியைக் கைரம்பத்தால் அறுக்க வேண்டும். இரு முனைக்கு நடுவே இறுகியிருக்கும் மரத்தை ஓடவிட்டு முழுக்க அறுத்தால், கடைசி நொடியில் உளியைக் கவ்வி பம்பரம் தெறிக்கும். டெயில்ஸ்டாக் பக்கத்து 5 மி.மீ. கழிவையும் ரம்பத்தால்தான் எடுக்க வேண்டும்.

10. 4 மி.மீ. தடிமனும் 50 மி.மீ. நீளமும் உள்ள ஆணி. பம்பரத்தைத் துணி சுற்றி வைஸில் பிடித்து, ஆணியைச் சிறு சுத்தியால் நேராக இறக்குங்கள். 12 மி.மீ. வெளியே நிற்கும்படி கொண்டையை வெட்டி, முனையை அரத்தால் உருண்டையாக்குங்கள். கூராக விட்டால் தரையில் குத்தி நிற்குமே தவிர சுற்றாது, குழந்தைகள் காலிலும் ஏறும்.

சுற்றிப் பார்க்கும்போது ஆடினால் முதலில் ஆணி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். ஆணி நேராக இருந்தும் ஆடினால், மரத்தில் ஒருபக்கம் வைரமும் (உள்மரம்) மறுபக்கம் வெளிமரமும் இருந்து எடை சாய்ந்திருக்கலாம். நன்றாகச் சுற்றினாலும் சீக்கிரம் விழுந்தால் தலை உயர்ந்துவிட்டது என்று பொருள். அகன்ற இடம் தாழ இருந்தால் நின்று சுற்றும்.

கடைசி அரை மணி நேரத்தைப் பெருக்குவதற்கும் பேசுவதற்கும் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தன் லேத்தைத் துடைத்து, வேகத்தைக் குறைந்த நிலைக்கு இறக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டே விடைபெற வேண்டும். யாருக்கு எந்த வெட்டு வரவில்லை என்று உதவியாளர்களோடு அன்றே குறித்து வையுங்கள். மீந்த பயிற்சிக்கட்டைகளை, வீட்டில் லேத் இருப்பவர்களிடம் இரண்டிரண்டாகக் கொடுத்தனுப்புங்கள். அடுத்த வகுப்பில் ஸ்க்யூவா கிண்ணமா என்பதை, அவர்கள் கடைந்து கொண்டுவரும் மணிகளைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.